64 வீடுகளுக்கு ஒரு மேக்ரோ: பழைய அவுட்லுக் எப்படி?

வேளச்சேரியில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தில் 64 வீடுகள். சங்கப் பொருளாளர் என்ற முறையில், பராமரிப்புத் தொகை, தண்ணீர் லாரிக்கான பங்கு, பழைய நிலுவை ஆகியவற்றை மாதந்தோறும் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி அட்டவணையாக நான் மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். எக்செல்லில் எழுதிய மேக்ரோவை, அதாவது வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரலைக் கொண்டு, கணினியில் நிறுவிய மைக்ரோசாஃப்டின் மின்னஞ்சல் மென்பொருளான பழைய அவுட்லுக் வழியாக இதை ஓராண்டாகச் செய்துவருகிறேன்.

கடவுச்சொல்லையோ சர்வர் விவரங்களையோ மேக்ரோவுக்குள் எழுதிவைக்கத் தேவையில்லாதது இதன் முதல் வசதி. அவுட்லுக்கில் ஏற்கெனவே சேர்த்திருக்கும் கணக்கிலிருந்தே அஞ்சல் போகிறது. ‘எனக்கு வரவே இல்லையே’ என்று யாராவது கேட்டால், சென்ட் ஐட்டம்ஸைத் திறந்து தேதியையும் நேரத்தையும் காட்டிவிடலாம்.

தோற்றத்தில் மட்டும் ஆசையைக் குறைத்துக்கொள்ள வேண்டும். 2007 பதிப்பு முதல் அவுட்லுக், எச்டிஎம்எல் அஞ்சலை (இணையப் பக்கம்போல் வடிவமைத்த அஞ்சலை) வேர்டின் எஞ்சினைக் கொண்டே காட்டுவதால், இணையப் பக்கங்களில் எடுபடும் சிஎஸ்எஸ் அலங்காரங்கள் பல இங்கே எடுபடுவதில்லை. பழைய பாணியில் டேபிள் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் எழுத்துருவையும் அகலத்தையும் குறிப்பிட்டால் ஒழுங்காக நிற்கிறது. உள்ளடக்கத்தை, மேக்ரோவில் அஞ்சலின் உடல்பகுதியைக் குறிக்கும் எச்டிஎம்எல்பாடியில் நேரடியாக எழுதினால் கையொப்பம் காணாமல் போகும். முதலில் அஞ்சலைத் திரையில் திறக்கும் டிஸ்ப்ளே கட்டளையைக் கொடுத்துக் கையொப்பத்தை வரவழைத்து, அதன் முன்னால் நம் அட்டவணையைச் சேர்ப்பதே வழி.

தமிழில் எழுதுவோருக்கு இன்னொரு சங்கடம் உண்டு. மேக்ரோவை எழுதும் இடமான விஷுவல் பேசிக் எடிட்டருக்கு, எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் யூனிகோடு முறை தெரியாது. நிரலுக்குள் ‘நிலுவை’ என்று தட்டினால் வரிசையாகக் கேள்விக்குறிகள்தாம் நிற்கும். ‘அ’வுக்கு 2949 என்று எழுத்துக்கு ஓர் எண்ணாக அடுக்கலாம்தான், அதற்குக் கோயில் கட்டும் பொறுமை வேண்டும். நான் தமிழ் வாக்கியங்களையெல்லாம் எக்செல்லின் தனித் தாள் ஒன்றில் வைத்து, அங்கிருந்து மேக்ரோ அவற்றை எடுத்துக்கொள்ளும்படி செய்தேன். நிர்மலா யூஐ எழுத்துருவில் ஓர் எழுத்துகூடச் சிதையாமல் போய்ச் சேருகிறது.

முதல் மாதம் நடந்த பிழைக்கு மென்பொருளைக் குறை சொல்ல மாட்டேன். பிழை வந்தாலும் தாண்டிப் போகச் சொல்லும் ‘ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்’ வரியை நான்தான் சேர்த்திருந்தேன். ஒரு வரிசையில் கோளாறு இருந்ததால், முந்தைய வீட்டின் நிலுவைக் கணக்கு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது. இரண்டு வீட்டாருக்கும் நேரில் போய் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. இப்போது முதல் 3 அஞ்சல்களைத் திரையில் பார்த்த பிறகே மற்றவற்றுக்குச் சென்ட் கொடுக்கிறேன்.

வாங்க நினைப்பவர்கள் பதிப்பைக் கவனிக்க வேண்டும்: விண்டோஸுக்கான புதிய அவுட்லுக்கில் இந்த மேக்ரோ வழி கிடையாது. ஆளில்லாத சர்வரில் இரவில் தானாக ஓடவிடுவதற்கும் இது ஏற்றதல்ல. அவ்வாறு ஆஃபீஸ் மென்பொருள்களை இயக்குவதை மைக்ரோசாஃப்டே பரிந்துரைப்பதில்லை. மாதம் ஒருமுறை ஒருவர் எதிரே உட்கார்ந்து அனுப்பும் எங்கள் சங்கத்துக்கு இது போதும்.