தையல்காரியின் கண்ணில் ஒரு மாடுலர் சோபா

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரவிக்கை தைப்பது என் தொழில். சோபாக் கடைக்குள் நுழைந்தால் உட்கார்ந்து பார்ப்பதற்கு முன்னால் என் கை ஜிப்பைத்தான் தேடும். சுங்கை பூலோவில் ஆர்டர் கொடுத்துச் செய்து வாங்கிய மாடுலர் சோபா, அதாவது துண்டு துண்டாகக் கழற்றி இடம் மாற்றி வைக்கும் சோபா, எங்கள் செந்தூல் அடுக்குமாடி வீட்டுக்கு வந்து ஒரு தீபாவளி கடந்துவிட்டது. மூலைத்துண்டு ஒன்று, கை வைத்தது ஒன்று, கை இல்லாதவை இரண்டு, முதுகே இல்லாத சதுர மோடா ஒன்று. எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 4,000 ரிங்கிட். நல்ல சாமான். ஆனால் எல்லா வீட்டுக்கும் ஏற்றதில்லை.

நாங்கள் மாடுலர் பக்கம் போனதற்கு முதல் காரணம் லிஃப்ட். கதவின் அகலம் 80 செ.மீ. பழைய மூன்று பேர் சோபாவைப் படிக்கட்டு வழியாகத் தூக்கி வந்தவர்கள் எங்களைத் திட்டியது இன்னும் காதில் இருக்கிறது. புதியதில் ஒவ்வொரு துண்டும் 90க்கு 90, முதுகு உள்ளவற்றின் உயரம் 70. நேராகத் தள்ளினால் நுழையாது, பக்கவாட்டில் சாய்த்தால் சுலபமாகப் போய்விடும். வாங்குவதற்கு முன் லிஃப்ட் கதவையும் வீட்டு இரும்புக் கதவையும் அளந்துகொள்ளுங்கள். மேனேஜ்மென்ட் ஆபீஸில் சாமான் ஏற்ற எந்த நேரம் அனுமதி என்பதையும் கேட்டுவிடுங்கள்.

எல் வடிவத்தில் இருப்பதெல்லாம் மாடுலர் ஆகிவிடாது. பல எல் சோபாக்கள் இரண்டே துண்டு. நீட்டிப் படுக்கும் பகுதி இடப்பக்கம் என்றால் காலத்துக்கும் இடப்பக்கம்தான். மாடுலரில் ஒவ்வொரு துண்டுக்கும் தனிச் சட்டம், தனி ஸ்பாஞ்சு, தனி உறை, தனிக் கால்கள். அடியில் இரும்புக் கொக்கி ஒன்றோடொன்றைப் பிணைக்கும். இன்ஸ்டாகிராமில் எல்லாரும் ஆசைப்படும் அந்த உப்பிய தலையணை சோபாவுக்கு மூலம் 1970இல் இத்தாலியின் மாரியோ பெல்லினி வடிவமைத்த கமலியோண்டா. அதில் கயிறும் கொக்கியும் வளையமும் வைத்து, இருக்கையையும் முதுகையும் கையையும் தனித்தனியாகக் கழற்றி மாட்டலாம். ஒரு ஷோரூமில் அதே தோற்றத்தில் ஒன்று பார்த்தேன். துண்டுகளுக்கு நடுவே கோடு மாதிரி தையல் போட்டிருந்தார்கள். அடியில் ஒரே சட்டம்! கடைக்காரரிடம் "ஒரு துண்டைக் கழற்றித் திருப்பிக் காட்டுங்கள்" என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எங்கள் தவுக்கே (கடை முதலாளி) கேட்டவுடனே புரட்டிக் காட்டினார். ரப்பர் மரச் சட்டம், மூலைகளில் முட்டுக்கட்டை. அங்கேயே பாதி மனது முடிவாகிவிட்டது.

அடுத்து உறை. என்னைக் கேட்டால் மாடுலர் சோபாவில் பாதி விஷயம் இங்கேதான். இழுக்கும் நாக்கு இல்லாத ஜிப் இருந்தால், அது தயாரிப்பவர்கள் ஸ்பாஞ்சைத் திணிக்க வைத்தது, நாம் கழற்றித் துவைக்க அல்ல. ஜிப் பின்பக்கம் முழுக்க ஓடி, இரண்டு மூலையும் திரும்ப வேண்டும். குட்டையான ஜிப் என்றால் ஸ்பாஞ்சைத் திரும்ப உள்ளே தள்ளுவதற்குள் மூலைத் தையல் விட்டுவிடும். உறையை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள்: துணி ஓரம் பிரியாமல் ஓவர்லாக் தையல் போட்டிருக்கிறார்களா, தையலுக்கு வெளியே ஒரு விரல் அகலமாவது துணி விட்டிருக்கிறார்களா?

வெல்வெட்டும் கார்டுராயும் மாடுலருக்கு வேண்டாம் என்பது என் கட்சி. வெல்வெட் ரவிக்கை வெட்டும்போது கைத்துண்டைத் திசை மாற்றி வெட்டினால் அது வேறு நிறம் போலத் தெரியும். சோபாவிலும் அதே கதைதான். மோடாவைக் கால் வட்டம் திருப்பி வைத்தால், ஒரே துணி இரண்டு நிறமாகிவிடும். துண்டுகளை இடம் மாற்றத்தானே காசு கொடுக்கிறோம்? நாங்கள் எடுத்தது லினன் போலத் தெரியும் பாலியஸ்டர் கலவை. பருத்தி மாதிரி சுருங்காது, ஆண்டுக் கடைசி மழையிலும் சீக்கிரம் காயும். துணி எவ்வளவு உரசலைத் தாங்கும் என்பதற்கு மார்ட்டின்டேல் என்று ஒரு எண் உண்டு. வீட்டுக்கு 20,000க்கு மேல் இருந்தால் எனக்குத் திருப்தி.

தோல் சோபா பற்றிச் சுருக்கமாக. ஹாஃப் லெதர் என்றால் உடம்பு படும் இடத்தில் மட்டும் தோல், மற்ற இடமெல்லாம் செயற்கை. பியூ எனும் செயற்கைத் தோலின் மேல்பூச்சை நம் ஊர் ஈரமும் சூடும் மெல்ல அரித்து உரிய வைத்துவிடும். நான் தொடவே மாட்டேன்.

அத்தைக்குத்தான் முதலில் பிடிக்கவில்லை. மாடுலர் சோபாக்கள் பெரும்பாலும் தாழ்வாகவும் ஆழமாகவும் இருக்கும். எங்களுடையதில் உட்காரும் இடம் தரையிலிருந்து 39 செ.மீ. "உட்கார்ந்துடுவேன்மா, யாரு தூக்கி விடுறது?" என்றார். அவருக்கு முட்டிவலி. கால்கள் திருகிக் கழற்றும் வகை என்பதால், கடையில் கேட்டு 5 செ.மீ. கூடுதலான கால்களாக மாற்றிக்கொண்டோம். முதுகுக்கு ஒரு தலையணையும் சேர்த்தபின் கை வைத்த துண்டு அவருடைய இடமாகிவிட்டது. கையை ஊன்றித்தான் எழுகிறார். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இரண்டு பக்கமும் கை வைத்த துண்டு வாங்குங்கள், படத்தில் அழகாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

ஸ்பாஞ்சு விஷயத்தில் கடைக்காரர்கள் ஹார்டா, சாஃப்டா என்றுதான் கேட்பார்கள். அது வேறு, அடர்த்தி வேறு. கெட்டியாக இருந்தும் அடர்த்தி குறைவான ஸ்பாஞ்சு சீக்கிரம் குழிந்துவிடும். கன மீட்டருக்கு 30 கிலோவுக்குக் குறையாமல் கேட்டு, பில்லில் எழுதி வாங்கினேன். இதுவரை குழி இல்லை.

தீபாவளி திறந்த இல்ல உபசரிப்பில்தான் இதன் அருமை தெரிந்தது. மூலையைக் கழற்றிச் சுவரோரம் வைத்து, மோடாவை ஹால் நடுவில் போட்டுப் பலகாரத் தட்டு வைத்தோம். பிள்ளைகள் இரண்டு துண்டுகளை எதிரெதிரே தள்ளிக் கட்டில் ஆக்கிவிட்டார்கள். அப்புறம் ஒரு தொல்லை: டைல்ஸ் தரையில் கொக்கி மாட்டாத துண்டு வழுக்கி ஓடும். கால்களுக்கு அடியில் ரப்பர் ஒட்டிய பிறகுதான் நின்றது. அதைக் கடையே செய்து தந்திருக்கலாம்.

கடை மேல் எனக்கு ஒரே ஒரு குறை. கை இல்லாத துண்டு ஒன்றின் உறை மற்றவற்றைவிட ஒரு நூல் வெளிறி வந்தது. வேறு லாட் துணி, அதாவது வேறொரு தடவை சாயம் போட்டது. "விளக்கு வெளிச்சம் அப்படி" என்றார்கள். உறையைக் கழற்றிக் கொண்டுபோய் கடை வாசல் வெயிலில் இரண்டையும் விரித்துக் காட்டியதும் பேசாமல் மாற்றித் தந்தார்கள். "ஒரு துண்டு பிறகு சேர்த்துக்கொள்ளலாம்" என்ற விற்பனைப் பேச்சில் இதுதான் சிக்கல். அடுத்த வருடம் அதே லாட் கிடைக்காது. தேவையான துண்டுகளையெல்லாம் ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள். கையில் காசு இருந்தால், ஒரு செட் உறைக்கான துணியையும் அதே சுருளிலிருந்து வெட்டி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் செய்தேன், தைக்கும் கூலி எனக்கு மிச்சம்.