புத்தூர் பைண்டிங் கடை: ஓரத்தை வெட்டாமல் கட்டித் தருகிறார்

பழைய கையெழுத்து நோட்டுகளைத் தைத்து அட்டை போட ஆள் தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நகரி, ஏகாம்பரகுப்பம், பள்ளிப்பட்டு, திருத்தணிப் பக்கம் இருப்பவர்கள் இதற்காகச் சென்னைக்குப் போக வேண்டியதில்லை. புத்தூர் பஜாரை ஒட்டிய சந்து ஒன்றில் பாய் ஒருவர் கடை வைத்திருக்கிறார். பெயர்ப்பலகை கிடையாது. எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்டுக்கொள்ள ஊர் ஊராக வந்து இறங்கும் இடம் புத்தூர் என்பதால், கட்டுகிற கடை எங்கே என்று கேட்டால் வைத்தியசாலைக்கு வழி காட்டுவார்கள். கணக்கு நோட்டு தைக்கிற பாய் என்று கேளுங்கள். தறிக்காரர்களின் பேரேடுகள்தான் அவருக்கு அன்றாடப் பிழைப்பு.

நான் கொடுத்தது என் மாமனாரின் பாட நோட்டுகள். அவர் மெனோனைட் பிரதரன் என்ற புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவச் சபையில் போதகர். தெலுங்குச் சபையார் போதகரை அழைக்கும் வழக்கப்படி மகபூப்நகர், கத்வால் பக்கத்தில் அவர் எல்லோருக்கும் அய்யகாரு. நகரிக்குத் திரும்பிய பிறகு இங்கே தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தாத்தா. பிரசங்கம் செய்வதைவிடப் பாடம் எடுப்பதில்தான் அவருக்கு ஆசை அதிகம். ஞாயிறு பள்ளி, வாலிபர் வகுப்பு, எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு இரவு வகுப்பு என்று வாழ்நாள் முழுவதும் நடத்திய பாடங்களை நாற்பது பக்கக் கோடு போட்ட நோட்டுகளில் எழுதி வைத்தார். பாடம் தெலுங்கில், நீல மையில். அதை எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்ற குறிப்பு மட்டும் ஓரத்தில், பென்சிலில், தமிழில். பிறந்த வீட்டு மொழியில்தான் அவருக்கு யோசனை ஓடியிருக்கிறது.

அந்த ஓரம்தான் முக்கியம் என்பது வேறொரு ஊரில் வேறொரு கடைக்காரருக்குத் தெரியவில்லை. ஊரையும் கடையையும் விட்டுவிடுகிறேன். முதல் நோட்டுக் கட்டை அங்கே கொடுத்தபோது, அழகாக இருக்க வேண்டும் என்று மூன்று பக்கமும் கட்டிங் மெஷினில் வெட்டிக் கொடுத்துவிட்டார்கள். விளிம்புகள் கத்தி போட்ட மாதிரி நேராக இருந்தன. பென்சில் வரிகளில் பாதி, குப்பைக்கூடையில். கேட்டதற்கு, "எழுத்து ஏதும் போகவில்லையே அம்மா, மை எழுத்தெல்லாம் அப்படியே இருக்கிறதே" என்றார்கள்.

புத்தூர் பாய் நோட்டை வாங்கியதும் திறந்து பார்த்தார். தெலுங்கு அவருக்குச் சரளம், தமிழ் கூட்டிப் படிப்பார். பென்சில் வரிகளை விரலால் தடவாமல் சற்று மேலே பிடித்துக் காட்டி, "இது வாத்தியார் கணக்கு அம்மா, இதில் கத்தி படக்கூடாது" என்றார். நான் சொல்ல வந்ததை அவரே சொன்னதால் அங்கேயே கொடுத்துவிட்டேன்.

வேலை எப்படி என்று சொல்கிறேன். முதலில் துருப்பிடித்த பின்களை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தார். துரு பட்டு மடிப்பில் கிழிந்திருந்த தாள்களுக்கு மெல்லிய ஒட்டுத்தாள் வைத்துப் பசை தடவினார். மைதாவில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய பசை, பூச்சி வராது என்கிறார். நான்கைந்து நோட்டுகளை ஒரே புத்தகமாகச் சேர்த்து, மடிப்பு மடிப்பாக, மெழுகு பூசிய நூலால் கையாலேயே தைத்தார். புத்தகம் மேஜை மேல் முழுதாக விரிந்து படுக்கிறது. பசையை மட்டும் முதுகில் தடவி ஒட்டுகிற இந்தக் காலத்துப் புத்தகங்கள் இரண்டு முறை விரித்தால் தாள் தாளாகக் கழன்றுவிடுவதை ஆசிரியையாக இருந்த நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதுகுக்கு ரெக்ஸின்தான் வழக்கமாம். நான் வேண்டாம் என்றதும் நகரித் தறியில் நெய்த கெட்டித் துணி ஒன்றைக் காட்டினார், சாம்பல் நிறம். மாமா உடுத்திய சட்டைகளெல்லாம் ஏறக்குறைய அந்த நிறம்தான். ஆடம்பரம் கூடாது என்பது அவர்கள் சபையில் பழைய பழக்கம். இவர் அதைக் கொஞ்சம் அதிகமாகவே கடைப்பிடித்தார். என் கல்யாணத்துக்கு மேளம் வேண்டாம் என்று சொல்லி எங்கள் அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

மிகவும் கடினமான நோட்டு 1997-ஆம் ஆண்டுடையது. அந்த ஜனவரியில் மெனோனைட்டுகளின் உலக மாநாடு கல்கத்தாவில் நடந்தது. மாமா கோரமண்டல் எக்ஸ்பிரஸில் போய் வந்தார். ரயில் டிக்கெட், நிகழ்ச்சி நிரல், யாரோ எழுதிக் கொடுத்த முகவரிகள் எல்லாவற்றையும் நோட்டில் ஒட்டி வைத்திருந்தார். ஒட்டு ஏற ஏற நோட்டு வாய் மூடாமல் பிளந்து நின்றது. அதைப் பிரஸ்ஸில் வைத்து அழுத்தினால் தாள் முறியும். பாய் முதுகுப் பக்கம் ஒல்லியான தாள் துண்டுகளை இடையிடையே வைத்துத் தைத்து, முதுகின் தடிமனை ஒட்டுகளின் தடிமனுக்குச் சமமாக்கினார். இப்போது நன்றாக மூடுகிறது. இந்த ஒரு வேலைக்காகவே இந்தக் கடையைச் சிபாரிசு செய்வேன்.

கட்டி வந்த பிறகுதான் நானும் வரிசையாகப் படித்தேன். மாமா சித்தூர்ப் பக்கத்து லுத்தரன் குடும்பத்துப் பிள்ளை, கைக்குழந்தையாக ஞானஸ்நானம் பெற்றவர். ஷம்ஷாபாத்தில் வேதாகமப் பள்ளிக்குப் போன பிறகு, வளர்ந்த ஆளாக, தண்ணீரில் மூழ்கி மறுபடி பெற்றார். குழந்தைக்குக் கொடுக்கும் ஞானஸ்நானத்தை மெனோனைட்டுகள் ஏற்பதில்லை. இன்று ஷம்ஷாபாத் என்றால் எல்லோருக்கும் விமான நிலையம். அவருக்கு அது கடைசிவரை பள்ளிக்கூடம். மறு ஞானஸ்நானம் அவர் வீட்டில் பெரிய சண்டையாகி, அவருடைய அம்மா நெடுநாள் பேசாமல் இருந்தாராம். அதைப் பற்றி நோட்டில் ஒரு வரி கூட இல்லை. குழந்தை ஞானஸ்நானம் செல்லாது என்று 1525-இல் சூரிச்சில் சிலர் ஒருவருக்கொருவர் ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டதும், அவர்களில் ஒருவரான ஃபீலிக்ஸ் மான்ஸை 1527-இல் லிமத் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றதும், மெனோனைட் என்ற பெயருக்குக் காரணமான, கத்தோலிக்கக் குருவாக இருந்த மென்னோ சைமன்ஸ் 1536-இல் அந்தப் பதவியை விட்டு வெளியேறியதும் பாடமாக இருக்கின்றன. மான்ஸ் பாடத்தின் ஓரத்தில் மட்டும் பென்சிலில் இப்படி ஒரு குறிப்பு: "அம்மா வந்திருந்தால் இதை மெதுவாகச் சொல்."

சபை இங்கே வந்த கதைக்கும் ஒரு பாடம் உண்டு. ருஷ்யாவிலிருந்து வந்த ஆபிரகாம் ஃபிரீசன், மரியா தம்பதி 1890-களில் நல்கொண்டாவில் ஊழியம் செய்தார்கள். அமெரிக்க மெனோனைட் பிரதரன் மிஷனரிகள் 1899-இல் ஹைதராபாத் பக்கம் வந்தார்கள். இதையெல்லாம் மாமா வேகமாகக் கடந்துவிடுகிறார். வெள்ளைக்காரர் பெயர்களைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்வதில் பயனில்லை என்று நினைத்திருக்கலாம்.

அவர் நின்று நிதானித்த பாடம் டிர்க் வில்லெம்ஸ். 1569, நெதர்லாந்தின் அஸ்பெரன் ஊர். மறு ஞானஸ்நானம் பெற்றதற்காக அடைபட்ட சிறையிலிருந்து தப்பி, உறைந்த நீர்ப்பரப்பின் மேல் ஓடுகிறார். துரத்தி வந்தவன் பனி உடைந்து உள்ளே விழுகிறான். வில்லெம்ஸ் திரும்பி வந்து அவனைத் தூக்கிவிடுகிறார், பிடிபடுகிறார், எரிக்கப்படுகிறார். டச்சு ஓவியர் யான் லைகன் செதுக்கிய இந்தக் காட்சியின் படத்தின் நகல் நோட்டில் ஒட்டியிருக்கிறது. ஆனால் நகரிப் பிள்ளைகளுக்கு உறைந்த குளம் எங்கே தெரியும்? ஓரக் குறிப்பு சொல்கிறது: கோடையில் வற்றும் ஏரியில் மேல்மண் காய்ந்து வெடித்திருக்கும், காலை வைத்தால் உள்ளே இடுப்புவரை சேறு, மாடு சிக்கினால் ஊரே கயிறு கொண்டு வரும், அதைக் கேள். அந்தக் குறிப்பு தாளின் கீழ் ஓரம்வரை ஓடுகிறது. மெஷினில் போயிருந்தால் படம் மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

இன்னொன்று அம்மை நோய்ப் பாடம். ஷம்ஷாபாத்தில் பணியாற்றி, பின்னாளில் மானுடவியலாளராகப் பெயர் பெற்ற பால் ஹீபர்ட் எழுதிய கட்டுரை ஒன்றில் இந்தச் சம்பவம் வருகிறது. கிராமத்தில் பெரியம்மை. மைசம்மா என்ற அம்மனுக்கு எருமை பலியிட ஊரார் வீடு வீடாகப் பணம் திரட்டுகிறார்கள். கிறிஸ்தவர்கள் தர மறுக்கிறார்கள், ஊர் அவர்களோடு உறவை முறிக்கிறது. அவர்களில் ஒரு சிறுமிக்கு அம்மை போடுகிறது, ஜெபிக்கிறார்கள், பிள்ளை இறந்துவிடுகிறது. மாமா இதற்கு முடிவு எழுதவில்லை. ஆடி மாதக் கூழுக்குக் காசு கேட்டு வரும் எங்கள் தெருவை நினைத்துக்கொண்டோ என்னவோ, "காசு தராவிட்டாலும் அவர்கள் வீட்டுச் சாவுக்கு முதல் ஆளாகப் போ" என்று மட்டும் ஓரத்தில் எழுதியிருக்கிறார். அவர் அப்படித்தான் போவார். அத்தை திட்டுவார்.

வரப்புத் தகராறு ஒன்றில் சாட்சி சொல்ல நீதிமன்றம் போன கதையும் இருக்கிறது. மெனோனைட்டுகள் ஆணையிடமாட்டார்கள், ஆணையிடவே வேண்டாம் என்று சொல்லும் மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறவர்கள். பைபிளைக் கையில் கொடுத்தபோது வாங்க மறுத்துவிட்டார். வக்கீலுக்குக் கோபம். சத்தியத்துக்குப் பதிலாக உறுதிமொழி கூற 1969-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது என்று இவரே சொல்லி, அப்படியே சாட்சி சொன்னார். அந்தச் சட்டப்பிரிவையும் வாலிபர் வகுப்பில் பாடமாக வைத்துவிட்டார்!

இனி கடையின் குறைகள். சொன்ன தேதிக்கு வேலை முடியாது. மே, ஜூனில் பள்ளி நோட்டும் பேரேடும் குவிந்துவிடும், அப்போது பழைய புத்தகம் கொடுத்தால் மூலையில் கிடக்கும். முதுகில் பொன்னெழுத்து போடத் தெலுங்கு, ஆங்கில அச்சு எழுத்துகள்தான் அவரிடம் உண்டு, தமிழ் கிடையாது. நான் தாளில் எழுதிக் கொடுத்ததை ஒட்டித் தந்தார், ஓரம் இப்போதே எழும்புகிறது. உள் அட்டைக்கு என்னைக் கேட்காமல் ரோஜா நிறத்தில் பூப்போட்ட தாள் ஒட்டிவிட்டார். சாம்பல் துணிக்குள் கல்யாணப் பத்திரிகை நிறம். மாமா பார்த்திருந்தால் அன்றைக்கே ஒரு பாடம் எழுதியிருப்பார். இது வேண்டாதவர்கள் முதலிலேயே வெள்ளைத்தாள் என்று சொல்லிவிடுங்கள்.

கூலி, தைப்புக்கும் துணி முதுகுக்கும் சேர்த்துப் புத்தகம் ஒன்றுக்கு 450 ரூபாய். ஒட்டுகள் நிறைந்த கல்கத்தா நோட்டுக்கு 700 கேட்டார், பேரம் பேசாமல் கொடுத்தேன். பாதி முன்பணம், ரொக்கம்தான், ரசீது கிடையாது. வெள்ளிக்கிழமை மதியம் கடை பூட்டியிருக்கும். நோட்டுகளைக் கொடுக்கும் முன் எல்லாப் பக்கங்களையும் போனில் படமெடுத்து, வரிசை எண்ணைப் பென்சிலால் மேல் மூலையில் போட்டுக் கொடுங்கள். அவர் கொடுத்த வரிசையிலேயே தைப்பார், தேதி பார்த்து மாற்ற மாட்டார். முன்பு வெட்டுப்பட்ட அந்த முதல் கட்டையும் அவரிடம் காட்டினேன். பிரித்து வேறு தாளில் பதித்து ஓரம் கொடுக்கலாம், ஆனால் தாளுக்குத் தாள் கூலி ஆகும், போன எழுத்து வராது என்றார். தீபாவளிக்குப் பிறகு கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்.