களிமண்ணா, விளையாட்டு மாவா, ப்ளாஸ்டிசினா: எந்த வயதுக்கு எது?

குழந்தை பிசைந்து விளையாட ஏதாவது வாங்க வேண்டும் என்று தேட ஆரம்பித்தால், கண்ணில் முதலில் படுவது நிறம்தான். டப்பா டப்பாவாக அடுக்கியிருப்பதைப் பார்த்தால் எல்லாம் ஒன்று போலவே தோன்றும். உண்மையில் இவை மூன்று வேறு பொருள்கள். களிமண் என்பது மண்ணும் தண்ணீரும். விளையாட்டு மாவு என்பது கோதுமை மாவும் உப்பும் தண்ணீரும். ப்ளாஸ்டிசினில் தண்ணீரே கிடையாது. கால்சியம் உப்புகளை பெட்ரோலியம் ஜெல்லி போன்ற கொழுப்புப் பொருள்களோடு கலந்து செய்வது அது. எது காயும், எது ஒட்டும், எது துணியில் கறையாகும், எது சின்ன விரல்களுக்கு அடங்கும் என்பதெல்லாம் இந்தக் கலவையில்தான் இருக்கிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு, மூன்று வயதில் வீட்டில் காய்ச்சிய மாவு. நான்கு வயதிலிருந்து களிமண். ப்ளாஸ்டிசினுக்கு மூன்றாவது இடம்தான், ஆனால் ஒரு வேலையில் அதை மற்ற இரண்டும் நெருங்க முடியாது.

இரண்டு வயதுக் குழந்தைக்கு யானை செய்ய வேண்டும், வீடு கட்ட வேண்டும் என்ற எண்ணமெல்லாம் வருவதில்லை. அமுக்க வேண்டும், பிய்க்க வேண்டும், ஒரு குச்சியைக் குத்தி எடுத்து, அந்த ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்க்க வேண்டும். அப்புறம் எல்லாவற்றையும் சேர்த்து உருட்டி மறுபடி முதலிலிருந்து. இதற்கு, தொட்டவுடன் இணங்கும் பொருள் வேண்டும். கடைகளில் டப்பாவில் விற்கும் ப்ளே-டோ என்ற விளையாட்டு மாவு பிறந்த கதையே இதற்குச் சாட்சி. 1930களில் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில், சுவரில் ஒட்டும் காகிதத்தின் மேல் படிந்த கரியைத் துடைத்தெடுக்கத்தான் அந்த மாவை விற்றார்கள். வீடுகளில் நிலக்கரி அடுப்பு குறைந்ததும் அதற்குத் தேவையும் குறைந்தது. 1950களில் கே ஸுஃபால் என்ற மழலையர் பள்ளி ஆசிரியை அதைக் குழந்தைகளிடம் கொடுத்துப் பார்த்தார். வழக்கமான மாடலிங் களிமண் அந்த வயதுக் கைகளுக்குக் கடினமாக இருந்தது, இது இணங்கியது. 1956-இல் அது விளையாட்டுப் பொருளாகவே கடைக்கு வந்துவிட்டது.

ப்ளாஸ்டிசினின் கதை இதற்கு நேர் எதிர். 1897-இல் இங்கிலாந்தின் பாத் நகரில் வில்லியம் ஹார்பட் என்ற ஓவிய ஆசிரியர், சிற்பம் பயிலும் மாணவர்களுக்காக, நாள் கணக்கில் காயாமல் இருக்கும் ஒரு களிமண்ணைத் தேடி அதை உருவாக்கினார். பெரியவர்கள் உட்கார்ந்து நுணுக்கமாக வேலை செய்வதற்கான பொருள். அதனால்தான் புதுக் கட்டியைச் சின்னக் குழந்தை கையில் கொடுத்தால் அசையாது. நாம் பிசைந்து சூடேற்றிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

சரி, மாவு என்று முடிவு செய்தால் கடையிலா, வீட்டிலா? நான் வீட்டில் செய்வதையே சொல்வேன். இரண்டு கப் கோதுமை மாவு அல்லது மைதா, ஒரு கப் உப்பு, இரண்டு கப் தண்ணீர், இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய், இரண்டு மேசைக்கரண்டி க்ரீம் ஆஃப் டார்ட்டர் (கேக் செய்யும்போது சேர்க்கும் ஒரு புளிப்புத் தூள்). எல்லாவற்றையும் கட்டியில்லாமல் கலந்து, சிறு தீயில் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் கூழாக இருக்கும், திடீரென்று இறுக ஆரம்பிக்கும். பாத்திரத்தின் ஓரத்தை விட்டுச் சுருண்டு ஒரே உருண்டையாகும்போது இறக்கி, கை பொறுக்கும் சூட்டில் பிசைந்தால் வழவழவென்று வந்துவிடும். காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் வாரக் கணக்கில் மென்மை போகாது.

காய்ச்சாமல் தண்ணீர் ஊற்றிப் பிசைகிற முறையும் உண்டு. சுலபம்தான், ஆனால் நான் அதை விரும்புவதில்லை. பச்சை மாவில் ஈ. கோலை போன்ற கிருமிகள் இருக்கலாம், குழந்தையின் கை வாய்க்குப் போகாமல் இருக்காது. 2016-இல் அமெரிக்காவில் மாவினால் பரவிய ஈ. கோலை தொற்றின்போது, பச்சை மாவைக் குழந்தைகளுக்கு விளையாடக் கொடுக்க வேண்டாம் என்று அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகமே எச்சரித்தது. காய்ச்சும்போது அந்த அபாயம் குறைகிறது. மாவிலுள்ள ஸ்டார்ச் வெந்து தண்ணீரைப் பிடித்துக்கொள்வதால் பதமும் நன்றாக வருகிறது.

இரண்டு எச்சரிக்கைகள். கோதுமை ஒவ்வாமை உள்ள குழந்தைக்குக் கடை மாவும் ஆகாது, ப்ளே-டோவிலும் கோதுமைதான். அடுத்தது உப்பு. குழந்தை ஒரு வாய் வைத்துவிட்டுத் துப்பிவிடும், நாய் அப்படியில்லை, விழுங்கிவிடும். அவ்வளவு உப்பு உள்ளே போனால் வாந்தி, வலிப்பு என்று உயிருக்கே ஆபத்தாகலாம். நாய் இருக்கும் வீட்டில் விளையாடி முடித்ததும் மாவை எட்டாத உயரத்தில் வைத்துவிடுங்கள்.

இனி களிமண். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நான்கு வயதை ஒட்டி, தான் செய்தது நிற்க வேண்டும் என்ற ஆசை குழந்தைக்கு வருகிறது. மாவில் செய்த யானை நிற்காது. கால்கள் மெல்லப் பரந்து, சற்று நேரத்தில் வயிறு தரையைத் தொடும். களிமண்ணில் கால் நிற்கும். ஆனால் சும்மா அழுத்தி ஒட்டினால் காய்ந்ததும் கழன்று விழும். அதைச் சரிசெய்யும் வழியை ஒரு நான்கு வயதுக் குழந்தை தாராளமாகக் கற்றுக்கொள்ளும். ஒட்டப்போகும் இரண்டு பரப்புகளையும் ஒரு குச்சியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, கொஞ்சம் களிமண்ணைத் தண்ணீரில் குழைத்த குழம்பைத் தடவி, அழுத்தி, விளிம்பை விரலால் நீவிவிட வேண்டும். உதட்டைக் கடித்துக்கொண்டு அந்தக் கோடுகளைக் கீறும் குழந்தையைப் பாருங்கள். மாவு விளையாட்டில் அந்த முகம் வராது. பொருள் சற்று எதிர்த்து நிற்பதால்தான் கை யோசிக்க ஆரம்பிக்கிறது.

கொடுக்கும்போது தாராளமாகக் கொடுங்கள். ஒரு கைப்பிடி கொடுத்தால் குழந்தை குட்டிக் குட்டி உருண்டைகளாக உருட்டும். ஒரு கிலோ கட்டியை முன்னால் வைத்தால் எழுந்து நின்று, தோள் பலத்தோடு அமுக்கும், குடையும், மேலே அடுக்கும். ஆரம்பத்தில் கருவி எதுவும் வேண்டாம், விரல் போதும். அடியில் பிளாஸ்டிக் விரிப்பு போட்டால் களிமண் ஒட்டிக்கொள்ளும். மரப்பலகையோ கெட்டித் துணியோ நல்லது. மிச்சத்தை ஆரஞ்சு அளவு உருண்டையாக்கி, ஒவ்வொன்றிலும் கட்டைவிரலால் ஒரு குழி செய்து தண்ணீர் ஊற்றி, உறையில் இறுக்கிக் கட்டிவைத்தால் அடுத்த முறைக்குப் பதமாக இருக்கும். முழுக்கக் காய்ந்துபோனாலும் வீணில்லை, ஊறப்போட்டால் மறுபடி களிமண்தான். மாவுக்கு இந்த மறுபிறவி கிடையாது.

சில குழந்தைகள் அந்த ஈரக் குளிர்ச்சியைத் தொட்டதும் கையை இழுத்துக்கொள்வார்கள். வற்புறுத்த வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு கிண்ணத்தில் வையுங்கள், ஒரு குச்சியைக் கொடுங்கள், அருகில் உட்கார்ந்து நீங்கள் செய்யுங்கள்.

சுத்தம் செய்வதைப் பற்றிப் பெற்றோருக்கு இருக்கும் பயம் நியாயமானது, ஆனால் கறை விஷயத்தில் களிமண்தான் சாது. துணியில் பட்டால் காயவிட்டு, வெளியே உதறிவிட்டுத் துவைத்தால் பெரும்பாலும் போய்விடும். ப்ளாஸ்டிசின் அப்படியில்லை. எண்ணெய்ப் பசை துணியிலும் மரத்திலும் ஊறிவிடும். குளிர்பெட்டியில் வைத்து இறுகச் செய்து சுரண்டிய பிறகும் கறை நிற்கலாம். களிமண்ணில் கவனிக்க வேண்டியது வேறு. காய்ந்த தூளைத் துடைப்பத்தால் பெருக்கக் கூடாது. அதில் சிலிக்கா இருக்கிறது, நுண்ணிய தூசு நுரையீரலுக்கு நல்லதல்ல. ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். கையைக் கழுவும் தொட்டியில் அந்தத் தண்ணீரைக் கொட்டினால் குழாய் அடைத்துக்கொள்ளும். வாளியில் கழுவி, மண் அடியில் தங்கியதும் மேல் தண்ணீரை மட்டும் வெளியே ஊற்றுவதே வழி.

ப்ளாஸ்டிசின் எங்கே ஜெயிக்கிறது என்றால், கதையில். ஆறு வயதுக் குழந்தை ஒரு நரியையும் மூன்று குட்டிகளையும் செய்து வாரம் முழுக்க அவற்றை வைத்துக் கதை ஓட்டுகிறது என்று வையுங்கள். இன்று படுத்திருக்கும் நரி நாளை ஓட வேண்டும், மறுநாள் வால் நீள வேண்டும். காயாத பொருளால் மட்டுமே இது முடியும். நிறங்கள் கலந்து கடைசியில் ஒரே பழுப்புக் கட்டியாவதைத் தடுக்க முடியாது, அதை நினைத்துக் குழந்தையைத் தடுக்கவும் வேண்டாம்.

பாலிமர் களிமண் பற்றியும் கேட்பார்கள். அது பிவிசி என்ற பிளாஸ்டிக் கலந்தது, ஓவனில் 130 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சுட வேண்டியது. சின்னக் குழந்தைக்கு வேண்டாம்.

இரண்டு வயதும் ஐந்து வயதும் ஒரே வீட்டில் இருந்தால், இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரே பொருளை வாங்கிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். பெரியவளின் களிமண் கோபுரம் சின்னவனின் ஒரே அடியில் சப்பையாகி, அழுகையில்தான் முடியும். அவளுக்கு மேசை மேல் பலகையும் களிமண்ணும், அவனுக்குத் தரையில் மாவும் ஒரு மரக்கரண்டியும் கொடுங்கள். மூன்று வயதுக்குக் கீழே இருப்பவனுக்கு மணி, பொத்தான் போன்ற சின்னச் சின்ன அலங்காரப் பொருள்கள் எட்டக்கூடாது. குறுக்களவு 31.7 மில்லிமீட்டர் உள்ள சோதனைக் குழாய்க்குள் முழுதாக அடங்கும் எதுவும் அந்த வயதில் தொண்டையில் அடைக்கக்கூடியது என்றே பொம்மைப் பாதுகாப்பு விதிகள் கணக்கிடுகின்றன. அவன் குத்தி விளையாட அந்தக் கரண்டியின் காம்பே போதும்.