கிளியூர் அருவி, தலைவெட்டி முனியப்பன் கோயில்: சேலத்திலிருந்து ஒருநாள் வேன் பயணம் எப்படி?

வேன், வழிகாட்டி, மதியச் சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரே கட்டணம். காலையில் ஏற்காடு ஏறி கிளியூர் அருவி, மாலையில் சேலம் பெரியேரியில் உள்ள கோயில். திட்டம் அருமையானது. ஆனால் காலை 6 மணிக்கே கிளம்பினால்தான் உருப்படும். எட்டு மணிக்குக் கிளம்பும் வேன் என்றால் அருவியில் நெரிசல், கோயிலில் பத்தே நிமிடம்.

மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். வயிறு புரட்டும் ஆட்கள் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டு முன் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். இறங்கும்போது டிரைவர் தாழ்ந்த கியரில் வருகிறாரா என்று பாருங்கள். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும்.

அருவி ஏற்காடு ஏரியிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர். உயரம் ஏறக்குறைய 300 அடி. படிகளில் இறங்கிப் போவது சுலபம். திரும்பி ஏறும்போதுதான் மூச்சு வாங்கும். முட்டிவலி உள்ள பெரியவர்கள் மேலேயே இருந்துவிடலாம். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் வேண்டும். தின்பண்டத்தைப் பைக்குள் வைத்து மூடுங்கள், குரங்குகள் விடாது.

தாய்லாந்தில் சியாங் மாய் அருகே புவா தோங் அருவியில் வெறுங்காலோடு ஏறும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு இங்கேயும் ஏற ஆசைப்படுகிறார்கள். அங்கே பாறைமேல் சுண்ணாம்பு படிந்து சொரசொரப்பாக இருக்கிறது, கால் வழுக்காது. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் பாறை சார்னோகைட் என்ற கடினமான வகை. நனைந்து பாசி பிடித்தால் கண்ணாடிதான். அடியில் கிடக்கும் பாறைகளில், உலர்ந்த பக்கமாக, வழிகாட்டி முன்னால் போக ஏறலாம். அதற்கு மேல் வேண்டவே வேண்டாம். ரப்பர் செருப்பு ஆகாது, அடியில் பள்ளம் வெட்டிய ஷூ போடுங்கள். ஏற்காடு ஏரி நிரம்பி வழியும் நீரும் இங்கேதான் வருகிறது. ஊர் வழியாக வரும் தண்ணீர், குடிக்கக் கூடாது. மேலே மழை பெய்தால் இங்கே வெயிலடிக்கும்போதே வெள்ளம் வரும். தண்ணீர் கலங்கிச் சிவந்தால் அந்த நொடியே வெளியேறுங்கள். இதை முதலிலேயே சொல்லாத வழிகாட்டிக்குக் காசு கொடுப்பது வீண்.

ஈர உடையை மாற்றிக்கொண்டு கோயிலுக்கு வாருங்கள். முனியப்பன் என்று வணங்கப்பட்டு வந்த சிலை புத்தருடையது என்று 2022 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தொல்லியல் துறை ஆய்வு செய்து கொடுத்த அறிக்கைதான் அதற்கு அடிப்படை. தாமரைப் பீடம், மடிமேல் தியான முத்திரையில் கைகள், சுருள்முடி, உச்சந்தலையில் உஷ்ணீஷம் எனும் கொண்டை போன்ற மேடு, நீண்ட காதுமடல்கள் என ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். உடலிலிருந்து பிரிந்த தலையைச் சிமென்ட் வைத்து ஒட்டிய இடமும் தெரியும். நல்ல வழிகாட்டி இவற்றைக் காட்ட அரை மணி நேரமாவது எடுப்பார். "பழைய சிலை" என்று சொல்லி நகர்ந்தால் நிறுத்திக் கேளுங்கள். தலைமுறைகளாகக் கும்பிட்டவர்களின் இடம் இது. படம் எடுக்குமுன் அங்கிருப்பவர்களிடம் கேட்டுவிடுங்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை பணம் கொடுத்துப் போகலாம். ஏப்ரல், மே மாதங்களில் அருவி வறண்டு கிடக்கும், அப்போது இந்தப் பயணம் வேண்டாம். கனமழையில் மண் சரிந்து மலைப்பாதை அடைபடுவதும் உண்டு. 2024 டிசம்பரில் பெஞ்சல் புயல் மழையின்போது அப்படித்தான் ஆனது. அருவியில் அனுமதி இல்லையென்றால் பணம் திரும்புமா, இல்லை ஆர்க்கிட் தோட்டம், பகோடா முனை என்று மாற்றுவார்களா என்பதை முன்பதிவு செய்யும்போதே எழுத்தில் வாங்குங்கள்.