எச்டிஆர் மென்பொருள்: ஏழு ஆண்டு புழங்கிய பிறகு

வெயில் நேரத்தில் சன்னலோடு சேர்த்து ஓர் அறையைப் படம் எடுத்துப் பாருங்கள். வெளியே வானம் வெளுத்துவிடும், இல்லையென்றால் உள்ளே நாற்காலி இருட்டில் கரைந்துவிடும். இரண்டும் வேண்டும் என்பதற்காகத்தான் ஒரே காட்சியை மூன்று எக்ஸ்போஷரில், அதாவது மூன்று வெளிச்ச அளவில், எடுத்து ஒரே படமாகச் சேர்க்கிறோம். எச்டிஆர் (ஹை டைனமிக் ரேஞ்ச்) என்பது இதுதான். இந்த ஒரு வேலைக்கே ஏழு ஆண்டுகளில் ஐந்தாறு மென்பொருள்களை மாற்றிவிட்டேன்.

முதலாவதை ப்ரீசெட்டுகளில், அதாவது அதிலேயே தயாராக இருந்த அமைப்புகளில், மயங்கி வாங்கினேன். ஒரு கிளிக்கில் மேகத்தின் மடிப்பெல்லாம் எழுந்து நிற்கும். இரண்டு ஆண்டுகள் அதில்தான் வேலை. அந்தப் படங்களை இன்று திறந்தால் கூரை விளிம்பெல்லாம் வெள்ளை வளையம், வெள்ளைச் சுவர் சாம்பல் பூத்திருக்கிறது. ஒவ்வொரு இடத்தின் வெளிச்சத்தையும் அக்கம்பக்கத்தோடு ஒப்பிட்டு ஏற்றி இறக்குவதுதான் லோக்கல் டோன் மேப்பிங். அளவு மீறினால் இருண்ட கூரையை ஒட்டிய வானம் மட்டும் தனியாக வெளுத்துப்போகும். ஹேலோ என்பது அதுதான்.

அதைவிட வலித்தது வேறு. அந்த மென்பொருளையே நிறுத்திவிட்டார்கள். புதிய கணினியில் அது ஓடவில்லை, அதன் புராஜெக்ட் ஃபைல்களை வேறு எதுவும் திறக்கவில்லை. ரா ஃபைல்களை (கேமரா பதிந்த மூலக் கோப்புகளை) அழிக்காமல் வைத்திருந்ததால் தப்பித்தேன்.

அன்றிலிருந்து எந்த மென்பொருளைப் பார்த்தாலும் என் முதல் கேள்வி, சேர்த்த படத்தை எந்த வடிவத்தில் கையில் தருகிறது என்பதுதான். அடோபியின் லைட்ரூம், 2015-இல் வந்த 6-ஆம் பதிப்பு முதல் அதை டிஎன்ஜியாகவே தருகிறது; டிஎன்ஜி என்பது பல மென்பொருள்கள் திறக்கும் ரா வடிவம். சாதாரண ரா ஃபைலில் எக்ஸ்போஷரை இரு பக்கமும் 5 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பது அல்லது பாதியாவது) நகர்த்தலாம், இதில் 10 ஸ்டாப். ஒயிட் பேலன்ஸையும் (ஒளியின் நிறச் சாயலையும்) பிறகு மாற்றிக்கொள்ளலாம். லைட்ரூமுக்குச் சந்தா கட்ட மனமில்லாதவர்களுக்கு எச்டிஆர்மெர்ஜ் இருக்கிறது. இலவசம், அதுவும் டிஎன்ஜிதான் தரும். அதை டார்க்டேபிள் என்ற இலவச எடிட்டரில் திறந்து, 2019-இன் 3.0 பதிப்பில் வந்த ஃபில்மிக் ஆர்ஜிபி என்ற கருவியில் வெளிச்சத்தை அடக்குகிறேன். பழக எனக்கு ஒரு மாதம் ஆனது, ஆனால் வண்ணம் திகட்டுவதில்லை. 32 பிட் டிஃப் (பெரிய அளவிலான ஒரு படக் கோப்பு வடிவம்) மட்டுமே தரும் மென்பொருள் என்றால் வட்டில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள்: சுருக்காத 24 மெகாபிக்சல் படம் ஒன்றே 288 எம்பி.

அடுத்தது அசைவு. காற்றில் ஆடும் கிளை மூன்று படத்திலும் மூன்று இடத்தில் இருக்கும், சேர்த்தால் பேய்போல் மங்கலாக இரட்டிக்கும். லைட்ரூமில் இதை நீக்கும் டீகோஸ்ட் அமைப்பை லோவில் வைத்தாலே எனக்குப் பெரும்பாலும் போதும். ஹையில் வைத்தால் அந்த இடத்தை ஒரே படத்திலிருந்து எடுப்பதால் நிழலில் நாய்ஸ் (புள்ளி புள்ளியான இரைச்சல்) ஏறுகிறது. ஃபோட்டோமேட்டிக்ஸ் என்ற எச்டிஆர் மென்பொருளில் அசைந்த பகுதியை நாமே வட்டமிட்டு, எந்தப் படத்திலிருந்து எடுக்க வேண்டும் என்று சொல்லலாம். ஆட்கள் நடமாடும் இடத்துக்கு இதைத்தான் நம்புகிறேன்.

அறைகளை மட்டுமே எடுப்பவர்கள் என்ஃபியூஸையும் பார்க்க வேண்டும். 2007-இல் மெர்டென்ஸ் என்ற ஆய்வாளரின் குழு வெளியிட்ட எக்ஸ்போஷர் ஃபியூஷன் முறையில் இயங்கும் மென்பொருள் அது. எச்டிஆர் கோப்பே உருவாகாது, ஒவ்வொரு படத்திலும் நன்றாகப் பதிந்த பகுதிகளை எடுத்துக் கலந்துவிடும். படம் இயல்பாக இருக்கும். பிறகு பெரிதாக மாற்ற முடியாது என்பதுதான் குறை. (வெளிச்ச வேறுபாடு குறைவான காட்சிக்கு இதெல்லாம் வேண்டாம், ஒரே 14 பிட் ரா ஃபைலில் நிழலைத் தூக்கினாலே போதும்.)

இப்போது எச்டிஆர் என்ற சொல்லுக்கே இன்னொரு பொருள் வந்துவிட்டது. இதுவரை செய்தது பரந்த வெளிச்சத்தைச் சாதாரணத் திரைக்குள் அடக்குவது. கூடுதல் பிரகாசம் காட்டக்கூடிய எச்டிஆர் திரையிலோ பிரகாசத்தைப் பிரகாசமாகவே காட்டலாம். லைட்ரூமில் அதற்கான எடிட்டிங் 2023 அக்டோபரில் வந்தது. அதே ஆண்டின் ஆண்ட்ராய்டு 14, கெயின் மேப் (எந்த இடத்தை எவ்வளவு பிரகாசமாக்க வேண்டும் என்ற வரைபடம்) கொண்ட அல்ட்ரா எச்டிஆர் ஜேபெக்கைக் காட்டும், பழைய திரையில் அதே கோப்பு சாதாரணப் படமாகத் தெரியும்.

பழைய டிஎன்ஜிகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி செய்துகொண்டிருக்கிறேன். ஐந்து ஆண்டுக்கு முன் அழுத்தி அழுத்தி மங்கவைத்த ஒரு விளக்கு, நேற்று திரையில் நிஜமாகவே எரிந்தது.