உள்ளடக்கிய கல்வி: இரண்டு நாள் ஆசிரியர் பயிற்சி பற்றிய மதிப்பீடு

மாற்றுத்திறனுள்ள குழந்தைகளும் மற்றவர்களோடு ஒரே வகுப்பில் படிக்கும் உள்ளடக்கிய கல்வியில் ஆசிரியருக்குள்ள சட்டக் கடமைகள் குறித்துத் தனியார் நிறுவனம் ஒன்று நடத்திய பயிற்சியில், கட்டணம் செலுத்திக் கலந்துகொண்டேன். செலுத்திய தொகைக்கு முதல் நாள் ஒன்றே ஈடாக இருந்தது.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவை வரிவரியாகப் படித்த பயிற்றுநர், பாகுபாடின்றிச் சேர்ப்பதும், தேவைக்கேற்ற வசதி செய்து தருவதும், கற்றல் குறைபாட்டை இயன்றவரை விரைவில் கண்டறிவதும் சலுகைகள் அல்ல, பள்ளியின் கடமைகள் என்று விளக்கினார். பிறகு, கற்றல் குறைபாடுள்ள குழந்தை படிக்கப் படும் சிரமத்தை உணர்த்த, எழுத்துகள் இடம் மாறி அச்சான ஒரு தாளைக் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னார். என் பக்கத்தில் இருந்த ஆசிரியை விரலை வரிக்கடியில் வைத்து, மூன்றாவது சொல்லிலேயே நின்றுவிட்டார். வகுப்பில் "ஒழுங்காகப் படி" என்று நான் அதட்டிய பிள்ளைகளின் முகங்கள் அப்போது என் கண்முன் வந்தன. மனரீதியான துன்புறுத்தலையும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்கிறது.

இரண்டாம் நாள் ஏமாற்றமளித்தது. ஒரு குழந்தையின் தேவைக்கேற்பத் தனியாக வகுக்கும் தனிநபர் கல்வித் திட்டத்துக்கான படிவத்தைக் கொடுத்தார்களே தவிர, ஒரு குழந்தையை மனத்தில் வைத்து நிரப்பப் பழக்கவில்லை. மேலும், மின்தூக்கி இல்லாத கட்டடத்தின் இரண்டாம் தளத்தில் அரங்கு இருந்ததால், ஊன்றுகோலுடன் வந்த ஆசிரியர் ஒருவர் படியேறச் சிரமப்பட்டார். இந்தத் தலைப்பில் பயிற்சி தருவோர் இதைக் கவனிக்காதது பெருங்குறை. தரைத்தளத்தில் நடத்துவதாக உறுதியளித்தால், தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு முதல் நாள் அமர்வைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.