லிப்டன் சுற்றுவட்ட ஒசுசல: எந்தக் குளிசைக்குப் போகலாம், எதற்கு வீண் அலைச்சல்

மாதாந்தக் குளிசைக்காகக் கொழும்பு 7, லிப்டன் சுற்றுவட்டத்து அரச மருந்துக்கடையான ஒசுசலவுக்குப் போகிறவர்கள், டொக்டர் தந்த துண்டை முதலில் வீட்டிலேயே இரண்டாகப் பிரித்துப் பார்க்கவேண்டும். ஆக்கவுரிமை (பேடன்ட், அதாவது கண்டுபிடித்த கம்பனி மட்டுமே செய்து விற்கும் உரிமை) முடிந்த மருந்துகள் எவை, இன்னும் முடியாதவை எவை? முடிந்தவற்றுக்கு இந்தக் கடையைத் தயங்காமல் சொல்லலாம். முடியாதவற்றுக்கு வீட்டுக்குக் கிட்டவுள்ள பாமசியே போதும், பஸ் காசாவது மிஞ்சும்.

சீனி வருத்தத்துக்கான மெற்போமின், இரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின், லொசார்டன், கொலஸ்ட்ரோலுக்கான அற்றோவாஸ்டற்றின் எல்லாம் முதல் வகை. அற்றோவாஸ்டற்றினுக்கு அமெரிக்காவிலேயே 2011 நவம்பரில் ஆக்கவுரிமை போய்விட்டது. ஆனாலும் முதலில் கண்டுபிடித்த கம்பனியின் பெட்டி இன்றும் பல மடங்கு விலையில் விற்கிறது, வாங்கவும் ஆள் இருக்கிறது. துண்டில் பிராண்ட் பெயர் மட்டும் இருப்பதுதான் பெரும்பாலும் காரணம். மருந்துகள் பற்றிய 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி ஜெனரிக் பெயரையும், அதாவது மருந்தின் பொதுப்பெயரையும், டொக்டர் எழுதவேண்டும். எழுதாவிட்டால் டொக்டரிடமே கேட்டு எழுதுவித்துக்கொள்ளுங்கள். ஒசுசலவை நடத்தும் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் (எஸ்பிசி) 1971இல் மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே தொடங்கிய முறையில், கேள்விப்பத்திரம் (டெண்டர்) கோரி மொத்தமாக இறக்குமதி செய்கிறது. பல மருந்துகளைத் தன் பெயரிலேயே விற்கிறது. இங்கே மலிவு வருவது இதனால்தான். "எஸ்பிசி பிராண்ட் இருக்கா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

இரண்டாம் வகையில் இந்தக் கவுண்டரால் செய்யக்கூடியது கொஞ்சம். ஆக்கவுரிமை விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருஷம். அதுவரை போட்டிக்கு ஆளில்லை, ஆகவே கேள்விப்பத்திரம் கோரினாலும் விலை இறங்காது. பலர் கவனிக்காத விஷயம், ஆக்கவுரிமை முடிவதற்கு நாம் பார்க்கவேண்டிய திகதி பெரும்பாலும் இந்தியத் திகதி என்பது. நமக்கு வரும் ஜெனரிக்கில் (மற்றக் கம்பனிகள் செய்யும் அதே மருந்தில்) பெரும்பகுதி இந்தியாவிலிருந்துதான். 2005 வரை அங்கே மருந்துக்கு ஆக்கவுரிமை கிடையாது, செய்முறைக்கு மட்டும்தான். இப்போது அங்கே ஆக்கவுரிமை உயிரோடு இருந்தால், இலங்கையில் யாரும் ஆக்கவுரிமை பதிவு செய்யாவிட்டாலும், இந்திய ஜெனரிக் கம்பனிகள் செய்து அனுப்ப முடியாது. சீனி வருத்தத்துக்கான சிற்றாகிளிப்றினுக்கு இந்தியாவில் 2022 ஜூலையில் முடிந்தது. அப்போது இங்கே டொலர் 360 ரூபா, மலிந்த விலையையும் ரூபாவின் சரிவு தின்றது. அதே வருத்தத்துக்கான எம்பாகிளிபுளோசினுக்கு அங்கே 2025 மார்ச்சில் முடிந்தது. முடிந்த மறுநாளே தட்டில் வந்துவிடாது, ஒவ்வொரு புதிய பிராண்டும் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையில் பதிவாகவேண்டும். எனவே இப்படியான மருந்து குடிப்பவர்கள் சில மாதத்துக்கொருமுறை விசாரிப்பது நல்லது.

ஆக்கவுரிமை முடியும் தறுவாயில் அதே மருந்தை மெதுவாகக் கரையும் வடிவத்திலோ, வேறொன்றோடு கலந்தோ புதிதாக இறக்குவது கம்பனிகளின் பழைய வித்தை. இந்தியச் சட்டத்தின் 3(டி) பிரிவு இதைத் தடுக்கத்தான் இருக்கிறது. புற்றுநோய்க்கான இமாற்றினிப் வழக்கில் 2013 ஏப்ரலில் அந்நாட்டு உச்சநீதிமன்றம் அதை உறுதிசெய்தது. கவுண்டரில் உங்களுக்கு இதனால் வரும் சிக்கல் வேறு. சீனி வருத்தத்துக்கான கிளிக்கிளசைட் 80 மி.கி. சாதாரணக் குளிசையும், எம்.ஆர். (மெதுவாகக் கரைவது) என்று போட்ட 30 மி.கி. குளிசையும் ஏறத்தாழ ஒரே வேலையைச் செய்பவை. பெயர் ஒன்றுதானே என்று 80 மி.கி. கணக்குக்கு எம்.ஆர். குளிசைகளைச் சேர்த்துக் குடித்தால் சீனி ஆபத்தாக இறங்கலாம். எம்.ஆர்., அதுபோன்ற எஸ்.ஆர்., எக்ஸ்.எல். எழுத்துகள் துண்டிலும் அட்டையிலும் ஒன்றாக இருக்கவேண்டும். அந்தக் குளிசைகளை உடைக்கவோ பொடியாக்கவோ கூடாது, டொக்டர் சொன்னாலொழிய.

மலிவென்று பிராண்ட் மாற்றக்கூடாத மருந்துகளும் உண்டு: இரத்தம் உறையாமலிருக்கக் குடிக்கும் வார்பரின், தைரொயிட்டுக்கான தைரொக்சின், வலிப்புக்கான பெனிற்றொயின், சிறுநீரகம் மாற்றியவர்கள் குடிக்கும் டாக்ரோலிமஸ். அளவில் சிறு வித்தியாசமும் இவற்றில் தெரியும். டொக்டரைக் கேளாமல் தொடவேண்டாம், மாற்றினால் இரத்தப் பரிசோதனையும் தேவைப்படும்.

2016 ஒக்டோபரில் 48 மருந்துகளுக்கு அரசு ஆகக்கூடிய விலை நிர்ணயித்தது. அப்படியான மருந்துகளில் ஒசுசலவுக்கும் வெளிக்கடைக்கும் இடையே பெரிய இடைவெளி எதிர்பார்க்கவேண்டாம். விலையை ஒப்பிடும்போது அட்டையை அல்ல, ஒரு குளிசையைக் கணக்கிடுங்கள். ஒரு அட்டையில் 10, இன்னொன்றில் 14 இருக்கும். காலாவதித் திகதியையும் தொகுதி இலக்கத்தையும் கவுண்டரிலேயே பாருங்கள். அட்டையை வெட்டிக் கொடுத்தால் திகதி உள்ள துண்டு உங்களிடம் வருகிறதா என்றும் பாருங்கள். பொதுவாகக் கடையை விட்டு வெளியேறிய மருந்தைத் திருப்பி எடுக்கமாட்டார்கள்.